பழைய சக்கர நாற்காலியைப் புதுப்பித்து வெளிநாட்டில் தேவைப்படுவோருக்குக் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவர் மறைந்த பிறகோ, எலும்பு கூடி எழுந்து நடந்த பிறகோ, அவர் அமர்ந்திருந்த சக்கர நாற்காலி மாடிப்படிக்கு அடியில் போய் நின்றுவிடுகிறது. பழைய இரும்புக்குப் போட மனம் வருவதில்லை. நாற்காலி இல்லாமல் எங்கோ ஒருவர் தரையில் தவழ்ந்துகொண்டிருக்கிறாரே, அவருக்குப் போய்ச் சேராதா என்று தோன்றுகிறது. அந்த எண்ணத்தோடு எங்களைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பழைய நாற்காலிகளைச் சேகரித்து, பழுதுபார்த்து, வெளிநாடுகளுக்கு அனுப்பும் தன்னார்வலர் குழு ஒன்றில் பல ஆண்டுகளாக ஸ்பானர் பிடித்து வருகிறேன். எனக்குத் தெரிந்ததைப் பதிலாக எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீங்கள் எதிர்பார்த்தபடி இருக்காது. அவற்றைத்தான் கூடுதல் கவனத்தோடு படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையிலேயே இவ்வளவு பேருக்குத் தேவை இருக்கிறதா?

இருக்கிறது. உலகம் முழுவதும் சுமார் 8 கோடிப் பேருக்குச் சக்கர நாற்காலி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் நாற்காலி கிடைத்தவர்கள், வாழும் நாட்டைப் பொறுத்து, 100-க்கு 5 முதல் 35 பேர் வரைதான். மற்றவர்கள் கையூன்றித் தவழ்கிறார்கள். உருளை பொருத்திய பலகையில் அமர்ந்து தரையைத் தள்ளித் தள்ளி நகர்கிறார்கள். சிறு பிள்ளையாக இருந்தால் அம்மா இடுப்பில் சுமந்து செல்கிறாள். பிள்ளை வளர்ந்து எடை கூடியதும் அவளால் தூக்க முடிவதில்லை. அன்றோடு பள்ளிக்கூடம் நின்றுவிடுகிறது.

2006 டிசம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவு, இயன்ற அளவு பிறர் கையை எதிர்பாராமல் ஒருவர் நடமாட வழிசெய்வது அரசுகளின் கடமை என்கிறது. நாற்காலியைப் பெறுகிறவர் நம்மிடம் எதையும் யாசித்துப் பெறவில்லை. அவருக்கு உரியது மிகத் தாமதமாக வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு நாற்காலி இருக்கிறது. உடனே அனுப்பிவிடலாமா?

முதலில் உங்கள் ஊரிலேயே அது தேவைப்படுகிறவர் இருக்கிறாரா என்று பாருங்கள். அக்கம்பக்கத்தில் ஒருவர் காத்திருக்கும்போது கடல் கடந்து அனுப்புவதில் பொருளில்லை. அப்படி யாரும் இல்லையென்றால் வெளிநாட்டுக்கு அனுப்பும் குழுக்களை அணுகலாம். கொடுக்கும் முன் அவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் அமரப்போகிறவருக்கு அங்கே அளவெடுப்பது யார்? அவர் உடலுக்கு ஏற்ப இதைச் சரிசெய்து பொருத்துவது யார்? ஆறு மாதம் கழித்து உடைந்தால் பழுதுபார்ப்பது யார்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் நம்பிக் கொடுக்கலாம். 'அங்கே போய்ச் சேர்ந்ததும் விநியோகித்துவிடுவார்கள்' என்பது மட்டுமே பதிலாக வந்தால் வேறு குழுவைத் தேடுங்கள்.

எப்படிப்பட்ட நாற்காலிகளை ஏற்கிறீர்கள், எவற்றை மறுக்கிறீர்கள்?

நாற்காலியின் சட்டத்தில், அதாவது அதைத் தாங்கும் குழாய்க் கூட்டில், விரிசல் இருந்தால் மறுத்துவிடுவோம். மடிக்கும் நாற்காலியின் இருக்கைக்கு அடியில் இரண்டு குழாய்கள் பெருக்கல் குறி போலக் குறுக்காக ஓடும். அவை சேரும் இடத்திலும், பற்றவைத்த இடங்களிலும், முன்சக்கரம் சட்டத்தோடு இணையும் இடத்திலும்தான் விரிசல் விழும். அங்கே துரு உள்ளே இறங்கியிருந்தாலும் அந்தச் சட்டத்தை அனுப்ப மாட்டோம்; கழற்றி உதிரிப் பாகங்களுக்கு வைத்துக்கொள்வோம். பின்சக்கரமும் சிறியதாக, பின்னால் இருந்து ஒருவர் தள்ளினால் மட்டுமே நகரும் மருத்துவமனை நாற்காலிகளைக் கேட்டு வாங்குவதில்லை. அவை வார்டிலிருந்து ஸ்கேன் அறைக்குப் போவதற்காகச் செய்யப்பட்டவை. தனியாக வாழ்க்கை நடத்த வேண்டிய ஒருவரை அதில் உட்கார வைத்தால், தள்ள ஆள் வரும்வரை அவர் அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

தொடக்க காலத்தில் நாங்கள் கொடுப்பதையெல்லாம் வாங்கினோம். ஒரு நிறுவனம் தன் கிடங்கைக் காலிசெய்தபோது லாரி நிறைய நாற்காலிகள் வந்து இறங்கின. பலவற்றில் கால்தாங்கிகளே இல்லை. எப்போதோ கழற்றித் தனியாகப் போட்டு, அந்தக் குவியலைக் குப்பைக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். ஒரு மாடலின் கால்தாங்கி இன்னொன்றில் பொருந்தாது. அந்தக் குவியலோடு பல மாதங்கள் போராடினோம்.

கால்தாங்கி சின்னப் பொருள்தானே, அது இல்லாவிட்டால் என்ன?

கால் தொங்கினால் உடம்பு முழுவதும் கெடுகிறது. பாதத்துக்கு ஊன்றுதல் இல்லாதபோது தொடையின் பாரம் இருக்கையின் முன் விளிம்பில் விழுகிறது, இடுப்பு முன்னால் வழுக்குகிறது, முதுகு வளைந்து வால் எலும்பின் மேல் உட்காரும் நிலை வருகிறது. புண் தொடங்குவது அங்கேதான். உணர்ச்சியற்ற பாதம் தரையில் இழுபட்டுக் காயமானாலும் அவருக்குத் தெரியாது. நாற்காலியைக் கொடுக்க வரும்போது வீட்டில் ஒருமுறை கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேடிப் பார்த்து, கால்தாங்கிகளையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.

புதுப்பித்தல் என்றால் என்னென்ன செய்கிறீர்கள்?

முழுவதும் கழற்றுகிறோம். துடைத்துப் பெயின்ட் அடிப்பதைப் புதுப்பித்தல் என்று சொல்ல மாட்டோம். முன்பக்கச் சிறுசக்கரங்களைக் கழற்றினால் அச்சில் தலைமுடியும் நூலும் கயிறு போலச் சுற்றிக் கிடக்கும். அதை வெட்டி எடுக்காமல் பேரிங்கைத் தொட முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், பல நாற்காலிகளின் முன்சக்கரத்தில் இருப்பது 608 என்ற எண் கொண்ட பேரிங். உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, அகலம் 7. சறுக்குச் சக்கரக் காலணிகளில் இருக்கும் அதே பேரிங் என்பதால் உலகில் எங்கும் கிடைக்கும். பின்சக்கரத்தின் அச்சுதான் தொல்லை. பல நாற்காலிகளில் அது அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். வேறு சிலவற்றில் 12 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். மாற்றிப் போட்டால் சக்கரம் ஆடும் அல்லது ஏறவே ஏறாது.

டயரிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் 24 அங்குலம் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் சக்கர நாற்காலியின் 24 அங்குல ரிம் பெரும்பாலும் 540 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. சிறுவர் மலைச் சைக்கிளின் 24 அங்குல ரிம்மோ 507. 'சைக்கிள் கடையில் டயர் கிடைக்குமே' என்று நினைத்து அனுப்பிய நாற்காலிகள் இந்த 33 மில்லிமீட்டர் வித்தியாசத்தால் மூலையில் முடங்கிவிடக்கூடும். அதனால் போகும் இடத்தில் எந்த டயர் விற்கிறார்கள் என்று முன்பே கேட்டு, தேவைப்பட்டால் சக்கரத்தையே மாற்றிவிடுகிறோம்.

இருக்கைத் துணி தொய்ந்திருந்தால் புதிதாகத் தைக்கிறோம். தொய்ந்த துணி ஊஞ்சல் போல இரண்டு தொடைகளையும் உள்பக்கம் தள்ளும், இடுப்பு கோணும். டயருக்குக் காற்றடித்த பிறகே பிரேக்கைச் சரிசெய்கிறோம்; முதலில் பிரேக்கை வைத்துவிட்டுப் பிறகு காற்றடித்தால் அளவு மாறிவிடும். கடைசியாக, சமதளத்தில் லேசாகத் தள்ளிவிட்டுப் பார்ப்போம். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். நாள் முழுவதும் ஒரு கையால் கூடுதலாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியவரின் தோள்பட்டையை நினைத்துப் பாருங்கள்.

ஒரே அளவு நாற்காலி எல்லோருக்கும் பொருந்தாதா? சற்றுப் பெரிதாக இருந்தால் வசதிதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பெரிய சட்டை போட்டுக்கொண்டால் அழகு கெடும், உடம்பு கெடாது. பெரிய நாற்காலி உடம்பைக் கெடுக்கும். இருக்கை இடுப்பைவிட மிக அகலமாக இருந்தால் அமர்ந்தவர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். நாள்தோறும் சாய்ந்தால் முதுகெலும்பு வளையும், ஒரு பக்கத்து எலும்பின் மேல் மட்டும் பாரம் விழும். சக்கரத்தை எட்டத் தோளை விரிக்க வேண்டியிருக்கும். குறுகலான வாசலில் நாற்காலி நுழையாது. இருக்கை ஆழம் கூடுதலாக இருந்தால் முழங்காலின் பின்பகுதி விளிம்பில் அழுந்தும். அந்த அழுத்தத்தைத் தவிர்க்க உடம்பு தானாக முன்னால் வழுக்கும். மேலே சொன்ன வால் எலும்புப் புண் இதிலும் வரும்.

பொருத்தம் என்றால் என்ன என்பதைப் பெரிய கருவிகள் இல்லாமலே பார்க்கலாம். இடுப்புக்கும் பக்கத்தடுப்புக்கும் இடையில் ஒரு விரல் போக வேண்டும், கை முழுவதும் போகக் கூடாது. இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். கால்தாங்கியில் பாதம் முழுவதும் படிய வேண்டும். தொடை இருக்கையில் சமமாகப் படிந்திருக்க வேண்டும். கால்தாங்கிக்குக் கீழே கல் மேடுகளைத் தாண்டுவதற்கு 5 சென்டிமீட்டராவது இடம் இருக்க வேண்டும். தானே தள்ளிக்கொள்கிறவருக்கு முதுகுச் சாய்வு தோள்பட்டை எலும்புக்குக் கீழே நின்றால்தான் கை தாராளமாகப் பின்னால் போகும். இரண்டு கால்களையும் இழந்தவருக்கு இன்னொன்றும் முக்கியம். முன்பக்கம் கால்களின் எடை இல்லாததால் சரிவில் ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும். அவருக்குப் பின்சக்கரங்களைப் பின்தள்ளிப் பொருத்தித் தர வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியில் நாற்காலி வழங்குவதை எட்டுப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பரிந்துரை, மதிப்பீடு, தேர்வு, நிதி, தயாரிப்பு, பொருத்துதல், பயிற்சி, பராமரிப்பு. இந்த வரிசையில் பொருளைத் தயார் செய்வது ஐந்தாவதாகத்தான் வருகிறது. நம்மைப் போன்ற கொடையாளர்கள் அந்த ஐந்தாவது படியை மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். 2012-இல் அடிப்படைப் பயிற்சித் தொகுப்பும் அடுத்த ஆண்டு இடைநிலைத் தொகுப்பும் அதே நிறுவனம் வெளியிட்டது. அங்கே அளவெடுத்துப் பொருத்துகிறவர்கள் இந்தப் பயிற்சியைப் பெற்றவர்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

எதுவும் இல்லாததற்கு ஏதோ ஒன்று இருப்பது மேல் அல்லவா? இலவசமாகத்தானே கொடுக்கிறோம், ஏன் இவ்வளவு கண்டிப்பு?

கால் சுளுக்கியவர் இரண்டு வாரம் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் பிழைத்துக்கொள்வார். தண்டுவடம் அறுந்தவர் காலையில் ஏறினால் இரவில்தான் இறங்குவார். இடுப்புக்குக் கீழே வலி தெரியாத அவர் உடலில் தவறான இருக்கை சில மணி நேரத்திலேயே புண்ணைத் தொடங்கிவைக்கும். புண் எலும்புவரை போய், கிருமி இரத்தத்தில் கலந்து உயிரைக் கொண்டுபோவதும் நடக்கிறது. தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாலாவது உயிரோடு இருந்திருப்பார் என்று ஒரு தாய் சொல்லும் நிலை நம் கொடையால் வரக் கூடாது. இலவசம் என்பது நமக்குத்தான். அவர் தன் உடம்பை அதில் வைக்கிறார்.

மெத்தை கட்டாயமா?

உணர்ச்சி இழந்தவர்களுக்குக் கட்டாயம். நாற்காலியும் மெத்தையும் ஒரே பொருளின் இரண்டு பாதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய நுரை மெத்தைகளை நாங்கள் அனுப்புவதில்லை. வெளியே நன்றாக இருந்தாலும் நுரை உள்ளே நொறுங்கித் தட்டையாகியிருக்கும், சிறுநீரும் ஊறியிருக்கும். காற்று மெத்தையைத் தண்ணீரில் அமுக்கிக் கசிவு பார்த்த பிறகே ஏற்கிறோம். பொருத்துகிறவர் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. அமர்ந்தவரின் இடுப்பு எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் விரல்நுனியை வைத்துப் பார்ப்பார். விரல் நசுங்கி அசைக்க முடியாமல் போனால் அந்த மெத்தை அவருக்கு உதவாது. நல்ல மெத்தை இருந்தாலும் அவ்வப்போது முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பாரத்தை எடுத்துவிட வேண்டும் என்பதைப் பெறுகிறவருக்கும் வீட்டாருக்கும் சொல்லித்தர வேண்டும்.

அங்கே மண் சாலைகள். நகரத்து நாற்காலி தாங்குமா?

பெரும்பாலும் தாங்காது. இன்று மருத்துவமனைகளில் பார்க்கும் மடிக்கும் நாற்காலியின் முன்னோடியை 1933-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற சுரங்கப் பொறியாளரும் அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் செய்தார்கள். சுரங்க விபத்தில் முதுகு முறிந்த எவரெஸ்டுக்குக் காருக்குள் மடித்து வைக்க ஒரு நாற்காலி தேவைப்பட்டது. காரும் தார்ச்சாலையும் வழவழப்பான தரையும் உள்ள வாழ்க்கைக்கு ஏற்ற வடிவம் அது. அதன் முன்சக்கரம் சின்னது, கெட்டியானது. மணலில் புதையும், கல்லில் மோதி நிற்கும், அமர்ந்தவர் முன்னால் விழுவார்.

இதை மாற்ற நினைத்தவர்களில் இருவரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அமெரிக்காவின் ரால்ஃப் ஹாட்ச்கிஸ் 1966-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். 1980-இல் நிகராகுவாவுக்குப் போனபோது, அங்குள்ள இளைஞர்கள் தங்கள் நாற்காலிகளைத் தாங்களே பழுதுபார்த்து மாற்றியமைத்துக்கொண்டிருந்ததைக் கண்டு அவர்களோடு சேர்ந்து வடிவமைக்கத் தொடங்கினார். அந்த வழியில் வந்த ரஃப்ரைடர் நாற்காலியில் முன்சக்கரம் நன்றாக முன்தள்ளி இருக்கும்; ஜிம்பாப்வேயில் உருவான அகலமான ரப்பர்ச் சக்கரம் அது. பிரிட்டனில் டேவிட் கான்ஸ்டன்டைன், நீரில் குதித்தபோது கழுத்தெலும்பு முறிந்தவர், நண்பர்களோடு 1991-இல் வங்கதேசத்தில் வேலையைத் தொடங்கி மோட்டிவேஷன் என்ற அமைப்பை உருவாக்கினார். அவர்களுடைய மூன்று சக்கர வடிவில் முன்னால் ஒரே சக்கரம், நீளமான சட்டம்; மேடு பள்ளத்தில் எளிதில் கவிழாது. இருவருமே நாற்காலியில் அமர்ந்துகொண்டு சிந்தித்தவர்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே கிராமத்துச் சாலையில் தினமும் வெகுதூரம் போக வேண்டியவருக்குப் புதுப்பித்த சாதாரண மடிக்கும் நாற்காலியைக் கொடுக்கச் சம்மதிப்பதில்லை. சிமென்ட் தரை வீட்டில் வாழும் முதியவருக்கு, அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு, பள்ளி வளாகத்துக்குள் மட்டும் தேவைப்படுகிற மாணவிக்கு அது நன்றாக உழைக்கும்.

அப்படியென்றால் அந்த நாட்டிலேயே செய்த புதிய நாற்காலிக்குப் பணம் கொடுப்பது நல்லதல்லவா?

பல நேரங்களில் ஆம். சாதாரண நாற்காலிக்குக் கப்பல் வாடகையும் சுங்கச் செலவும் உள்ளூர்ப் போக்குவரத்தும் சேர்த்தால், அங்கே ஒரு பட்டறையில் செய்த நாற்காலியின் விலைக்கு அருகில் வந்துவிடும். இன்னொரு கேடும் உண்டு. ஓர் ஊரில் மாற்றுத்திறனாளிகளே நடத்தும் பட்டறை நாற்காலி செய்து விற்றுக்கொண்டிருக்கும்போது, திடீரென்று ஒரு கண்டெய்னர் இலவச நாற்காலிகள் வந்து இறங்கினால் அந்தப் பட்டறை மூடப்படும். ஓராண்டில் இலவச நாற்காலிகள் உடையும்போது பழுதுபார்க்கவும் ஆள் இருக்காது. அத்தகைய பட்டறை இருக்கும் இடத்துக்கு நாங்கள் உதிரிப் பாகங்களை மட்டும் அனுப்ப விரும்புகிறோம்.

புதுப்பித்தவற்றுக்கு உண்மையான மதிப்பு இருப்பது விலை உயர்ந்த வகைகளில்தான். எடை குறைந்த அலுமினியச் சட்டம், அச்சை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி, தலைக்கும் உடம்புக்கும் தாங்கிகள் பொருத்திய இருக்கை போன்றவற்றை ஏழை நாடுகளில் வாங்குவது மிகக் கடினம். உங்கள் வீட்டில் இருப்பது அந்த வகை என்றால் தயவுசெய்து அதைத் துருப்பிடிக்க விடாதீர்கள்.

குழந்தையின் நாற்காலி சிறியதாகிவிட்டது. அது யாருக்காவது உதவுமா?

அதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பிள்ளைகள் வளர்வதால் அவர்களுடைய நாற்காலிகள் தேய்வதற்கு முன்பே சிறியதாகிவிடுகின்றன. நல்ல நிலையில் கிடைக்கின்றன. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் இருக்கை கிடைத்தால் சோறு புரையேறாமல் இறங்குகிறது, மூச்சு சீராகிறது, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடிகிறது. படுத்தே கிடந்த பிள்ளை முதல்முறையாக உட்கார்ந்து சுற்றிலும் பார்க்கும்போது அந்த வீட்டில் எழும் சத்தத்தைக் கேட்டவர்கள் இந்த வேலையை விட்டுப் போவதில்லை. ஆனால் இத்தகைய இருக்கையை இயன்முறை சிகிச்சையாளர் இல்லாமல் பொருத்தவே கூடாது. வளர வளர அளவை மாற்றித் தரவும் ஆள் வேண்டும்.

மின்சார நாற்காலியைக் கொடுக்கலாமா?

நாங்கள் தயங்கித்தான் வாங்குகிறோம். பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்து 24 வோல்ட்டில் ஓடுபவை அவை. ஈய அமில பேட்டரியை மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் போட்டுவைத்தால் அது செத்துவிடும். மாடிப்படிக்கு அடியில் நின்ற நாற்காலிகளில் அநேகமாக அது நடந்திருக்கும். லித்தியம் பேட்டரி என்றால் அபாயகரமான சரக்குக்கான விதிகள் எல்லாம் பொருந்தும். சார்ஜர் 110 வோல்ட்டுக்கு மட்டுமானதாக இருந்தால் 230 வோல்ட் உள்ள நாட்டில் எரிந்துபோகும். பேட்டரி மாற்றவும் பழுதுபார்க்கவும் ஆள் இருக்கும் ஊரில், மின்சாரம் ஒழுங்காக வரும் வீட்டில், கைகளையும் பயன்படுத்த முடியாத ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் மட்டும் அனுப்புகிறோம்.

கப்பலில் எப்படிப் போகிறது? என்னென்ன தடைகள் வருகின்றன?

40 அடி கண்டெய்னரின் உள்நீளம் சுமார் 12 மீட்டர். மடித்து நெருக்கி அடுக்கினால் இருநூறு நாற்காலிகள் அளவுக்கு ஏற்றலாம். இடுக்குகளில் ஊன்றுகோல்கள், டியூப்கள், மெத்தைகள் போகும். மரப்பலகைத் தட்டுகள் வைத்தால் அவை ஐஎஸ்பிஎம் 15 என்ற விதிப்படி வெப்பத்திலோ புகையிலோ பூச்சி நீக்கி முத்திரை குத்தியவையாக இருக்க வேண்டும்.

சுங்கத்தில் சக்கர நாற்காலிக்கு உலகெங்கும் ஒரே தலைப்பு எண், 8713. உதிரிப் பாகங்களுக்கு 8714.20. கல்வி, அறிவியல், பண்பாட்டுப் பொருள்களுக்கு இறக்குமதி வரியை விலக்கும் யுனெஸ்கோவின் 1950-ஆம் ஆண்டு ஃபுளோரன்ஸ் ஒப்பந்தத்தோடு 1976-இல் சேர்க்கப்பட்ட நைரோபி நெறிமுறை, மாற்றுத்திறனாளிகளுக்கான பொருள்களுக்கும் வரிவிலக்கை விரிவுபடுத்தியது. ஆனால் எல்லா நாடுகளும் அதில் சேரவில்லை. சேர்ந்த நாடுகளிலும் விலக்குச் சான்றிதழ் தானாகக் கையில் வந்து விழாது. சில நாடுகள் பயன்படுத்திய மருத்துவச் சாதனங்களை அனுமதிப்பதே இல்லை. அதனால் பெறுகிற அமைப்பு தன் பெயரில் விலக்குக் கடிதத்தை வாங்கிக் கையில் வைத்திருக்கிறது என்று உறுதியான பிறகே நாங்கள் கண்டெய்னருக்குப் பணம் கட்டுகிறோம்.

இதை ஒருமுறை பட்டுத்தான் கற்றோம். 'கப்பல் வருவதற்குள் கடிதம் வந்துவிடும்' என்று அங்கிருந்தவர்கள் சொன்னதை நம்பி ஏற்றிவிட்டோம். கப்பல் போய்ச் சேர்ந்தது, கடிதம் வரவில்லை. துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் ஏறியது. அந்தப் பணத்தில் அங்கேயே எத்தனை புதிய நாற்காலிகள் செய்திருக்கலாம் என்று கணக்குப் போட்டபோது எங்களில் யாரும் பேசவில்லை.

நான் வெளிநாடு போகிறேன். ஒரே ஒரு நாற்காலியைக் கையோடு எடுத்துச் செல்லலாமா?

அழகான வழி அது. ஜப்பானில் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பழைய நாற்காலிகளைப் பழுதுபார்க்கிறார்கள். ஆசிய நாடுகளுக்குப் பயணம் போகிறவர்கள் அவற்றைத் தங்கள் பெட்டிகளோடு விமானத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஒரு நாற்காலி, ஒரு மனிதர், கையோடு கை. அளவை முன்பே வாங்கி அதற்கேற்பத் தயார்செய்ய முடிவதால் பொருத்தமும் நன்றாக அமைகிறது.

பயணி தான் பயன்படுத்தும் நாற்காலியை விமான நிறுவனங்கள் கட்டணமின்றி ஏற்றும். நன்கொடை நாற்காலிக்கு அந்த விதி பொருந்தாது. எழுத்து மூலம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். உங்களுடையது என்று பொய் சொல்ல வேண்டாம். பெறுகிறவரின் அமைப்பு கொடுத்த கடிதம் ஒன்று சுங்கத்தில் காட்டக் கையில் இருக்கட்டும்.

எனக்கு இயந்திர வேலை தெரியாது. வேறு எப்படி உதவலாம்?

சைக்கிளில் பஞ்சர் ஒட்டத் தெரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி. தைக்கத் தெரிந்தவர்கள் எங்களுக்கு எப்போதும் போதுமான அளவு கிடைப்பதில்லை. அமெரிக்காவில் 1967-ஆம் ஆண்டு நீரில் குதித்தபோது கழுத்து முறிந்து கைகால்கள் செயலிழந்த ஜோனி எரக்சன் டாடா தொடங்கிய அமைப்பின் நாற்காலிகளைச் சிறைக் கைதிகள் பழுதுபார்த்துத் தருகிறார்கள். முன்பின் தெரியாத வேலையைக் கற்றுக்கொண்டு அவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறவர்கள் இருக்கும்போது உங்களாலும் முடியும். வண்டி வைத்திருப்பவர்கள் வீடு வீடாகப் போய் நாற்காலிகளை ஏற்றி வரலாம். பணம் கொடுக்க விரும்பினால் கப்பல் வாடகைக்கு என்று கொடுக்காமல், அங்கே அளவெடுத்துப் பொருத்துகிறவரின் சம்பளத்துக்கு என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். அதற்குத்தான் யாரும் கொடுப்பதில்லை.

பெறுகிறவரிடம் பணம் வாங்குவீர்களா?

இல்லை.

உடைந்துபோனால் என்ன ஆகும்?

உடையத்தான் செய்யும். ஒவ்வொரு நாற்காலியோடும் இரண்டு டியூப், முன்சக்கர பேரிங் ஒரு செட், ஒரு ஸ்பானர், காற்றடிக்கும் பம்ப் ஆகியவை ஒரு பையில் போகின்றன. பெறுகிறவருக்கு டயரில் காற்று பார்க்கவும் திருகுகளை இறுக்கவும் அச்சைத் துடைக்கவும் கற்றுத்தருகிறார்கள். பக்கத்துச் சைக்கிள் பழுதுபார்ப்பவரை ஒரு நாள் அழைத்து, அவர் முன்னால் முழுவதும் கழற்றி மாட்டிக் காட்டினால் பெரிய பலன் கிடைக்கிறது. அங்குல திருகு, மில்லிமீட்டர் திருகு குழப்பத்தை அவர் அன்றே பிடித்துவிடுவார்.

கொடுப்பதற்கு முன் வீட்டில் நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

பெயின்ட் அடிக்க வேண்டாம், விரிசல் மறைந்துவிடும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தாங்கிகள், பெல்ட், சார்ஜர், கையேடு என்று உடன் வந்ததெல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். இருக்கையின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். அதில் இருந்தவர் உத்தேசமாக என்ன உயரம், என்ன எடை, எந்தப் பக்கம் பலவீனம் என்று இரண்டு வரி எழுதினால் எங்களுக்கு மிகவும் உதவும். அவருக்காகச் செய்த மாற்றங்கள் ஏதாவது இருந்தால், ஏன் செய்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

என் அம்மாவின் நாற்காலி யாருக்குப் போனது என்று தெரிந்துகொள்ள முடியுமா? படம் கிடைக்குமா?

சட்டத்தில் உள்ள வரிசை எண்ணைப் பதிவுசெய்து வைக்கிறோம். எந்த நாடு, எந்த வயதினர், எப்படிப் பொருத்தப்பட்டது என்பதை உங்களுக்கு எழுதுவோம். ஆறு மாதம் கழித்து அங்குள்ளவர்கள் போய்ப் பார்த்த பிறகு, நாற்காலி ஓடுகிறதா, உடம்பில் புண் இல்லையா என்பதையும் தெரிவிப்போம். பெயரும் முகவரியும் தர மாட்டோம். படத்தைப் பொறுத்தவரை, நாற்காலியைக் கையில் கொடுக்கும்போது யாரிடமும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் கேட்டால் மறுக்க அவருக்கு வாய் வராது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கப் போகும்போது கேட்கிறோம். சிலர் வேண்டாம் என்கிறார்கள். சிலர் சட்டையை மாற்றிக்கொண்டு, வாசலுக்கு வெளியே தாங்களே தள்ளிக்கொண்டு வந்து, இங்கே எடுங்கள் என்கிறார்கள். அந்தப் படம் வந்தால் உங்களுக்கு அனுப்புவோம்.